சீர்வரிசையில் போன சிமெண்ட் மாடு

எங்கள் குடியிருப்புக்கு எதிரே இன்னொரு மாணவர் விடுதி எழும்புகிறது. பொத்தேரியில் இதெல்லாம் செய்தியே இல்லை. காலியாக ஒரு மனை கிடந்தால்தான் இங்கே ஆச்சரியம். போன வாரம் காலையில் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே குவித்திருந்த மணலின்மேல் ஒருவர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். வெயிலில் காய்ந்து கிடந்த மணலில் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை கிளம்பி எங்கள் மாடிவரை ஏறி வந்தது. மழை வாசனை மாதிரிதானே என்று கேட்பீர்கள். மழை வாசனையில் இலையும் சருகும் சாணமும் கலந்திருக்கும். இதில் கல்லைத் தவிர வேறெதுவும் கிடையாது. வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வாசனை.

நான் துணியை மறந்து அங்கேயே நின்றிருக்கிறேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், சித்தாள் வேலைக்குப் போகும் யோசனையா என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்டது. ஆனால் எனக்கு அதில் அனுபவம் உண்டு என்பது அவருக்கும் தெரியும்.

படிப்பு முடித்த கையோடு நான் போன முதல் வேலை மணல் கழுவுவது. செங்கல்பட்டில் கல்லூரி முடித்து, வேதியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு சின்ன அமைப்பில் எடுத்துக்கொண்டார்கள். குடிதண்ணீர் சரியில்லாத காலனிகளுக்கு வீட்டுக்கு ஒரு மணல் வடிகட்டி வைத்துத் தருவது அவர்கள் வேலை. என் அம்மா சொந்தக்காரர்களிடம், “பொண்ணு தண்ணி சம்பந்தமா ஆராய்ச்சி பண்ணுது” என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு சித்தப்பா திடீரென்று அலுவலகத்துக்கு வந்துவிட்டார். ஆராய்ச்சியாளர் சுடிதாரை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் டப்பில் கையை விட்டு மணலைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவர் காபி குடிக்காமலே போய்விட்டார்.

அந்த வடிகட்டியை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி. அடியில் ஜல்லி, அதன்மேல் பெருமணல், அதன்மேல் நைஸ் மணல். தலையில் ஓட்டை போட்ட தட்டு ஒன்று. அந்தத் தட்டின்மேல் தண்ணீரை ஊற்றினால் மணலுக்குள் மெதுவாக இறங்கி, பக்கவாட்டுக் குழாய் வழியாகப் பென்சில் கனத்துக்கு வெளியே விழும். மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம். மணல் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் நான்.

கடலோரக் காலனிக்கு நாங்கள் உள்நாட்டில் கல் உடைக்கும் கிரஷரிலிருந்து மணல் கொண்டுபோவோம். கடல் மணலில் உப்பு இருக்கும், உதவாது. இது யாருக்கும் புரியாது. “கடல வாசல்ல வெச்சுகினு மண்ண வெளியூர்லேர்ந்து கொண்டாரீங்களே” என்று சிரிப்பார்கள். எங்கள் லோடு வண்டி ஓட்டிய சேகர் அண்ணன் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். தொட்டிகளைத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு போய்விட்டது. ஊரில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நான் தண்ணீரைச் சந்தேகப்படுவேன், சேகர் அண்ணன் தொட்டியைத் தூக்கியதைச் சந்தேகப்படுவார்.

நான் சொல்ல வந்த காலனி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருந்தது. முந்தைய தலைமுறை நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பங்கள். நான் போன காலத்தில் யாரும் வயலில் இல்லை. ஆண்கள் சிற்பக் கூடங்களில் கல்லுக்குப் பாலிஷ் போட்டார்கள், வண்டி ஓட்டினார்கள். பெண்கள் கடற்கரை ரிசார்ட்டுகளில் துணி வெளுக்கவும் அறை துடைக்கவும் போனார்கள். வெள்ளைக்காரர்கள் குடிக்கிற பாட்டில் தண்ணீரை டிரேயில் அடுக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கைப்பம்பில் அடித்துக் குடிப்பார்கள். மழைக்காலத்தில் அந்தப் பம்பைச் சுற்றி ஒரு குட்டை நிற்கும். குட்டையில் வாத்து நீந்தும்.

முதல் கூட்டம் மாதா கோயில் எதிரில் இருந்த புங்கமரத்தடியில். நான் கல்லூரி மேடையில் பேசுவது போல ஆரம்பித்தேன். மணலின் மேற்பரப்பில் இரண்டு மூன்று வாரங்களில் ஓர் உயிரியல் படலம் உருவாகும், அதுதான் கிருமிகளை அழிக்கும் என்றேன். ஒரு முகத்திலும் அசைவில்லை. பதற்றத்தில் எளிமையாகச் சொல்கிறேன் என்று, “அதுல நல்ல பூச்சிங்க இருக்கும், அதுங்க கெட்ட பூச்சிங்கள சாப்பிட்டுடும்” என்று சொல்லித் தொலைத்தேன். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். பூச்சி ஊறிய தண்ணியைக் குடிக்கச் சொல்ல ஒரு பொண்ணு செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்று ஒருத்தி போகிற போக்கில் சொன்னது எனக்கும் கேட்டது.

ஒரே ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. ஒல்லியாக, ரிசார்ட் சீருடையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பெயர் ஸ்டெல்லா. வேலை சலவைக் கூடத்தில். அவள் கேட்ட கேள்வி இதுதான்: “அதுங்களுக்கு எதனா சாப்பாடு வெக்கணுமாக்கா?”

தினமும் தண்ணீர் ஊற்றினால் போதும், தண்ணீரில் இருப்பதுதான் அதற்குச் சாப்பாடு, சில நாள் ஊற்றாமல் விட்டால் செத்துப்போகும் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்போ மாடு மாதிரி. தெனம் தண்ணி காட்டணும். காட்டுனா கறக்கும்.”

எழுந்த பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததில் பாதிப் பேர் திரும்ப உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் காலனியில் எங்கள் வடிகட்டிக்கு மாடு என்றே பெயர். எங்கள் அமைப்பு வைத்த ஆங்கிலப் பெயர் தொட்டியின் நெற்றியில் நீலப் பெயிண்டில் இருந்தது. அதை யாரும் ஒரு நாளும் உச்சரித்ததில்லை. காலையில் நான் தெருவுக்குள் நுழைந்தால், “மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு” என்று வாசல் வாசலாகக் குரல் வரும். ஒரு வீட்டில் குழாயில் தண்ணீர் குறைந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள், போனேன். “ரெண்டு நாளா சரியா கறக்கல” என்று அந்த வீட்டுக்காரர் கவலையாகச் சொன்னார். மேல்மணலை உள்ளங்கையால் லேசாகக் கலக்கி, அழுக்குத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக் காட்டினேன். கறந்தது. மாட்டு டாக்டர் என்று எனக்கும் ஒரு பட்டம் கிடைத்தது. வேதியியல் பட்டத்தைவிட அதற்கு மரியாதை அதிகம்.

ஸ்டெல்லா ஏன் எழுந்து போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் அவளுக்கு டைபாய்டு வந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, தலைமுடியெல்லாம் கொட்டி, பிழைத்து வந்தாள். பரீட்சை போனது. மறுபடி எழுதலாம் என்பதற்குள் சலவைக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள். தண்ணீரை அவள் பார்க்கிற பார்வையே வேறு. யார் எதில் தண்ணீர் கொடுத்தாலும் ஒரு நொடி உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

அவளுக்கு அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் அந்தோணி. மறைமலைநகர் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸில் டிரைவர். நல்ல குடும்பம், சொந்த வீடு, வீட்டுப் பின்னால் கிணறு. கிணறு என்ற வார்த்தையைக் கேட்டதும் ஸ்டெல்லா தன் அம்மாவிடம் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்: கட்டில் பீரோ எதுவும் வேண்டாம், எனக்கொரு மாடு கொடு.

அவள் அம்மா லூர்து அக்கா எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். காலனிக்கு மட்டும்தான் கொடுப்பது என்று எங்களுக்கு விதி. பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். தண்ணீர் வடிகட்டியைச் சீராகக் கேட்கிற பெண்ணை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லி விதியைத் தளர்த்தினார். அச்சு கைவசம் இருந்தது. புதிதாக ஒரு தொட்டி வார்த்தோம். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் மணலை ஒரு தடவை கூடுதலாகக் கழுவினேன்.

இதற்கிடையில் ஒரு தொலைபேசிப் பேச்சு நடந்தது. அதில் நான் இல்லை. லூர்து அக்கா சம்பந்தி அம்மாளிடம் சீர் விவரம் பேசும்போது, எங்க பொண்ணு மாடு இல்லாம கெளம்ப மாட்டேங்குது, மாட்டோடதான் வரும் என்று சொல்லியிருக்கிறார். காலனியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மாறிப்போனது அவருக்கே மறந்துவிட்டது. சம்பந்தி அம்மாளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் லூர்து அக்கா பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார், கூடவே சீரும் போயிற்று. குட்டி யானை வண்டியில் தொட்டி, பக்கத்தில் மூட்டை மூட்டையாக மணல், ஒரு குத்துவிளக்கு, ஒரு மிக்ஸி. மணலை இறக்கிப் பதமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதால் நானும் சேகர் அண்ணனோடு முன்னால் உட்கார்ந்து போனேன். ஜி.எஸ்.டி. சாலை முழுக்க அவர் இடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் ஒரு கூட்டமே நின்றது. மருமகளைப் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்தேன். பாதிப் பேர் அதற்கு வந்தவர்கள். மீதிப் பேர் மாட்டைப் பார்க்க வந்தவர்கள். அந்தோணியின் அம்மா நடுவில் நின்றார். பெயர் ஆரோக்கியம். பெயருக்கேற்ற உடம்பு. கையில் ஆரத்தித் தட்டு. வீட்டின் பக்கவாட்டில் புதிதாகக் கீற்று வேய்ந்த கொட்டகை, முளைக்குச்சியில் புதுக் கயிறு, ஒரு பக்கம் வைக்கோல். ஓரத்தில் கழுநீர்த் தொட்டியைக்கூட நிரப்பி வைத்திருந்தார்கள். கொட்டகையைப் பார்த்த உடனே அது எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளும் கொட்டகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேகர் அண்ணன் பின்பக்கக் கதவைத் திறந்து போட்டார். ஆரோக்கியம் அம்மாள் எட்டிப் பார்த்தார். பின்னால் இன்னொரு வண்டி வருகிறதா என்று சாலையைப் பார்த்தார். மாடு எங்கே என்று கேட்டார். லூர்து அக்கா தொட்டியைக் காட்டினார். கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

“இன்னாது இது,” என்றார் ஆரோக்கியம் அம்மாள். “கல்லறையா?”

நான் முன்னால் போய் விளக்க ஆரம்பித்தேன். அதை நான் செய்திருக்கக் கூடாது. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் சாதனம் என்று நான் சொல்லி முடித்தபோது, மாடு வராத ஏமாற்றம் போய், அவர் முகத்தில் வேறொன்று வந்திருந்தது. ஊர் பார்க்க நிற்கிற ஒரு பெண்ணிடம், உங்கள் வீட்டுத் தண்ணீர் சரியில்லை என்று சிமெண்டில் செய்து கொண்டுவந்து இறக்குகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“எங்க கெணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் எம்புள்ள இந்த ஒசரம் வளந்து கீறான்” என்றார். கோபத்தைவிட அதில் வலி அதிகம் இருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. அந்தோணி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் மிக்ஸியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஸ்டெல்லா வண்டிக்குப் பக்கத்திலிருந்து நடந்து மாமியார் முன்னால் வந்தாள். கல்யாணச் சேலையில் தடுக்கிக்கொண்டே வந்தாள்.

“அத்த, உங்க தண்ணி கெட்டதுன்னு நான் சொல்லல. எனக்கு டைபாய்டு வந்து செத்துப் பொயச்சு வந்தேன். தண்ணிதான் என் பரீட்சையக் குடிச்சிச்சு. எங்க போனாலும் தண்ணின்னா எனக்கு பயமா கீது. அந்த பயத்துக்குத்தான் இத்த எடுத்தாந்தேன். வேணான்னா திருப்பி அனுப்பிடலாம்.”

சேகர் அண்ணன் முகம், திருப்பி அனுப்பலாம் என்றதும் பேயறைந்த மாதிரி ஆனது. ஆரோக்கியம் அம்மாள் மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பெண்ணின் முடி அப்போதும் முழுதாக வளர்ந்திருக்கவில்லை. சவுரி வைத்துப் பின்னியிருந்தார்கள். அவர் புதிதாகக் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார். பிறகு சேகர் அண்ணனிடம் கையை நீட்டி, “மாடுதானே, கொட்டாயில எறக்கு” என்றார்.

அப்படியாக அது கொட்டகைக்குப் போனது. புதுக் கயிறு, வைக்கோல், முளைக்குச்சி எல்லாவற்றுக்கும் நடுவில் நட்டமாக நின்றது. நான் ஜல்லி போட்டு, மணல் போட்டு, மட்டம் பார்த்து, தண்ணீர் ஊற்றினேன். வைக்கோலில் கோழி முட்டையிட ஆரம்பித்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று மாதம் ஒரு முறை பார்ப்பது என் கடமை. காலனியில் அது சுலபம். அச்சரப்பாக்கத்துக்குப் போவது மட்டும் எனக்குப் பரீட்சை. முதல் முறை போனபோது ஆரோக்கியம் அம்மாள் வெயிலில் வந்த பொண்ணு என்று ஒரு சொம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவருக்குப் பின்னாலேயே ஸ்டெல்லா இன்னொரு சொம்போடு வந்து நின்றாள். அது கொட்டகைத் தண்ணீர். இரண்டு பேரும் என் கையையே பார்த்தார்கள். நான் வாங்கினேன், குடித்தேன், அடுத்ததையும் வாங்கினேன், அதையும் குடித்தேன். கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று மாமியார் கேட்டார். சில்லென்று இருக்கிறது என்றேன். இது எப்படி என்று மருமகள் கேட்டாள். இதுவும் சில்லென்று இருக்கிறது என்றேன். இரண்டு சொம்புத் தண்ணீரோடு செங்கல்பட்டுவரை நின்றுகொண்டே பஸ்ஸில் வந்த பாட்டை இங்கே எழுத முடியாது.

அந்த வீட்டில் சண்டை கிடையாது. அதைச் சொல்ல வேண்டும். ஆரோக்கியம் அம்மாள் மருமகளைக் கடிந்து பேசியதில்லை. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவளுக்குத்தான். ஆனால் தண்ணீர் மட்டும் இரண்டு குடங்களில் இருந்தது. கிணற்றுக் குடம் அடுப்பங்கரையில், மாட்டுக் குடம் ஸ்டெல்லாவின் அறையில். அந்தோணி வேலைக்குப் போகும்போது அம்மா பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார், மனைவியும் ஊற்றிக் கொடுப்பாள். பஸ் ஓட்டுகிறவன் இரண்டு பாட்டிலோடு போய் வந்தான். நான் பட்ட பாட்டை அவன் தினமும் பட்டிருப்பான்.

பிறகு ஸ்டெல்லா உண்டானாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். காலனியில் பார்த்தேன். கை நிறையக் கண்ணாடி வளையலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தால், தொட்டியைப் பற்றிப் பேசினாள். அந்தோணி காலையில் போனால் ராத்திரிதான் வருவார், யாரும் ஊற்ற மாட்டார்கள், மணல் காய்ந்திருக்கும், எல்லாம் செத்திருக்கும் என்றாள். திரும்ப ஆரம்பித்துக்கொள்ளலாம், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று சொன்னேன். கைக்குழந்தையோடு போய் மூன்று வாரம் எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று கேட்டாள். அத்தையிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்றேன். “எப்டிக்கா கேக்கறது? அவங்களே அத்தத் தொடறதில்ல. அவங்க கையால ஊத்தச் சொல்றது மரியாதையா?” என்றாள்.

அந்த வருஷ மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. ஏரிகள் நிரம்பி மதகு திறந்த நாட்களில் எனக்கு மதுராந்தகம் பக்கம் வேலை இருந்தது. அப்படியே அச்சரப்பாக்கத்துக்கு ஒரு எட்டு போய், காய்ந்த மணலை வாரிக் கழுவிப் புதிதாகப் போட்டுவிட்டு வரலாம் என்று தூறலில் கிளம்பினேன். வாசலில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மதியத் தூக்கமாக இருக்கும் என்று வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

கொட்டகையில் ஆரோக்கியம் அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலையில் துண்டு. கையில் வாளி. தட்டின்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். வாளியைச் சாய்த்துக் கவிழ்க்காமல், ஒரு கையைத் தண்ணீருக்குக் குறுக்கே அணை வைத்து, கைவிரல் வழியாக வழியவிட்டு ஊற்றினார். மணல் கலங்கக் கூடாது என்று நான் ஒவ்வொரு முறையும் ஸ்டெல்லாவிடம் சொல்லுவேன். அப்போதெல்லாம் இவர் அந்தப் பக்கம் திரும்பி அரிசி புடைத்துக்கொண்டிருப்பார்.

திரும்பினவர் என்னைப் பார்த்துவிட்டார். திருடும்போது பிடிபட்ட மாதிரி வாளியைக் கீழே வைத்தார்.

“தெனம் காட்டலன்னா செத்துப்பூடுமாமே” என்றார். கொஞ்சம் கழித்து, “நான் குடிக்கலம்மா. தப்பா நெனச்சுக்காத. அது அவளுது. பச்ச ஒடம்போட வருவா, கொயந்த வரும். வந்ததும் குடிக்கத் தண்ணி இருக்கணுமில்ல” என்றார்.

நான் குனிந்து குழாயைப் பார்த்தேன். பென்சில் கனத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. நான் இதுவரை வைத்த தொட்டிகளிலேயே இதுதான் நன்றாகக் கறக்கிறது என்றேன். மனசறிந்து சொன்னேன். அவர் முந்தானையால் தொட்டியின் விளிம்பைத் துடைத்தார். மருமகளிடம் இப்போது சொல்ல வேண்டாம், வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். மூன்று வாரக் கவலையோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்து, காலனிக்குப் போனதும் முதல் வேலையாக அவளிடம் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா நம்பவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் அழுதாள். பிறகு வளையல் குலுங்கச் சிரித்தாள். தனக்குத் தெரியும் என்பதை அத்தையிடம் காட்டிக்கொள்ள மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. மழை ஓய்ந்த பிறகு குழந்தையோடு போனாள். ஆரோக்கியம் அம்மாள் கொட்டகைத் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக்கொண்டுவந்து மருமகள் கையில் கொடுத்தாராம். இவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆச்சரியப்பட்டாளாம். நடிப்பு சரியாக வந்ததா என்று கேட்டேன். “வரலக்கா. பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு” என்றாள்.

ஆரோக்கியம் அம்மாள் தானாக அந்தத் தண்ணீரைக் குடித்தது எப்போது என்று எவருக்கும் தெரியாது. அந்த மழையில் கிணறு கலங்கிச் செம்மண் நிறத்தில் கிடந்த நாட்களில் இருக்கலாம். நான் அடுத்த முறை போனபோது அடுப்பங்கரையில் ஒரே குடம்தான் இருந்தது, அதுவும் மாட்டுக் குடம். அவரிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். “சப்புன்னு கீது” என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் மொண்டு குடித்தார். அடுத்த பொங்கலுக்கு அந்தோணி நிஜமாகவே ஒரு கறவை மாடு பிடித்துவந்தான். நிஜ மாட்டுக்குக் கொட்டகை வேண்டியிருந்ததால் சிமெண்ட் மாட்டை வீட்டுக்குள் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி எங்களுக்கு ஆள் அனுப்பினார் ஆரோக்கியம் அம்மாள். மணலை வாரி, தொட்டியைத் தூக்கி, மறுபடி மணல் போட்டோம். சேகர் அண்ணனின் இடுப்பு அத்தோடு ஓய்வு பெற்றது. இப்போது அவர் திருக்கழுக்குன்றத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார். உப்புமா கிளறுவதற்குக்கூட அந்த இடுப்பைத்தான் குறை சொல்கிறார்.

ஸ்டெல்லா தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதித் தேறினாள். அவள் படிக்கிற நேரம் குழந்தையை மாமியார் வைத்துக்கொண்டார். இப்போது அங்கன்வாடியில் வேலை. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து போன வருஷம் எங்கள் பொத்தேரிப் பக்கமே கல்லூரியில் சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வரும். எந்த டம்ளரையும் உள்ளே பார்க்காமல் மடமடவென்று குடிக்கும்.

எங்கள் அமைப்புக்குப் பணம் வருவது நின்றது, மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே கேன் தண்ணீர் வண்டி காலனிக்குள் வர ஆரம்பித்திருந்தது. பிறகு பஞ்சாயத்திலேயே சுத்திகரிப்பு நிலையம் வைத்து, கார்டைத் தேய்த்தால் குடம் நிறைகிற மாதிரி செய்துவிட்டார்கள். நல்லதுதான். டைபாய்டு வந்து பரீட்சையை விட்ட பெண் அந்தப் பக்கம் இப்போது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதில் எனக்கு வருத்தம் எப்படி வரும்.

ஆனால் ஒன்று இருக்கிறது, உங்களிடம்தான் சொல்ல முடியும். அந்த வேலையில் நான் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் குடித்துப் பார்க்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் யார் வீடு என்று சொல்லுவேன். கழியோரத்து வீடுகளில் கடைசி மடக்கில் மெல்லிசாக உப்பு தட்டும். கல்பாலிஷ்காரர் வீட்டில் புளி போட்டுத் துலக்கிய பித்தளைத் தவலையின் வாசம். ஒரு வீட்டில் வெட்டிவேர் போட்டிருப்பார்கள், இன்னொரு வீட்டில் சீரகம். உள்நாட்டுக் கிணறுகளில் இரும்பு. லூர்து அக்கா வீட்டுத் தண்ணீரில் ஏனோ எப்போதும் லேசாகப் புகை வாசம் இருக்கும். எந்த மணலாலும் அதை எடுக்க முடியவில்லை. இப்போது அந்தப் பக்கம் போனால் எல்லா வீட்டிலும் சிரித்துக்கொண்டே ஒரு பாட்டிலைத் திருகிக் கையில் கொடுக்கிறார்கள். மாமல்லபுரத்திலும் அதே ருசி, அச்சரப்பாக்கத்திலும் அதே ருசி. தாகம் தீர்கிறது. குடித்தது யார் வீட்டில் என்பதுதான் நாக்குக்குத் தெரிவதில்லை.